கிடாருக்கு என்ன கலர் அடிக்கலாம்?

ஒரு பழைய எலக்ட்ரிக் கிடாரைப் பிரிச்சு, சுரண்டி, புதுசா கலர் அடிக்கப் போறேன்னு எந்த மியூசிக் குரூப்ல சொன்னாலும் உடனே ரெண்டு கட்சி கிளம்பும். முதல் கட்சி, "ஐயோ, கை வைக்காதே, ஒரிஜினல் பெயின்ட் போச்சுன்னா மதிப்பே போச்சு" என்று பதறும். இரண்டாவது கட்சி, "இதுக்குச் செலவு பண்ற நேரத்துல புதுசா ஒண்ணு ஆன்லைன்ல ஆர்டர் போடு" என்று சிரிக்கும். இரண்டு கட்சியுமே தப்பு என்பதுதான் என் வாதம். பழைய கிடாரைச் சரி செய்யலாம், கலர் மாற்றலாம். அதுவும் நம்ம கையாலேயே செய்யணும். ஆனா என்ன கலர் என்பதை மட்டும் கொஞ்சம் யோசிச்சு முடிவு பண்ணணும்.

முதல்ல "ஒரிஜினல்" கட்சிக்குப் பதில் சொல்லிடறேன். அவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்லை. 1960கள்ல வந்த ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஃபேக்டரி பெயின்ட்டோட உங்க கைக்கு வந்தா, தயவு செய்து உப்புத்தாளை எடுக்காதீங்க. மறுபடி பெயின்ட் அடிச்ச விண்டேஜ் கிடாரின் விலை பயங்கரமா இறங்கும். அதைவிட முக்கியம், அந்தக் காலத்து வேலைப்பாட்டுக்கு அது ஒரு சாட்சி. சுரண்டிட்டா திரும்பக் கொண்டு வர முடியாது. ஆனா நம்ம ஊர்ல, வீட்டுப் பரண்லயும் காலேஜ் ஸ்டோர் ரூம்லயும் கிடக்கிற கிடார்கள்ல எத்தனை அந்த வகை? பெரும்பாலும் பெயர் தெரியாத காப்பி மாடல்கள், இல்லைன்னா கொல்கத்தாவில் செய்த கிவ்சன் மாதிரி உள்ளூர்க் கிடார்கள். அதுக்கெல்லாம் ஏலக் கடையில் யாரும் காத்துக்கிட்டு இல்லை. வாசிக்கிறவங்க கைக்கு வந்தால்தான் அதுக்கு மதிப்பே.

இன்னொண்ணு. எலக்ட்ரிக் கிடாரின் வரலாறே பிரிச்சு மாத்துறவங்களோட வரலாறுதான். லியோ ஃபெண்டர் 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ரேடியோவைத் திறந்து, கெட்ட பார்ட்டைக் கழற்றி வேறே போடுற அதே பழக்கத்தில்தான் கிடாரையும் யோசிச்சார். வயலின் மாதிரி கழுத்தை உடம்போட ஒட்டாம, நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். கழுத்து கெட்டுப்போனா கழற்றி வேறே மாட்டலாம். சர்வீஸ் பண்றவனுக்குச் சுலபமா இருக்கணும் என்று டிசைன் பண்ணிய ஒரு பொருளை, "தொடாதே" என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்றது எனக்கு வேடிக்கையா இருக்கு.

ஜார்ஜ் ஹாரிசன் வைத்திருந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வரும்போது சோனிக் ப்ளூ என்ற வெளிர்நீலம். 1967-ல் அவரே அதன் மேல் பளீர் கலர்ல கையால் படம் வரைந்தார். தலைப்பகுதியில் மனைவியின் நெயில் பாலிஷைக்கூடப் பூசினார். அந்தக் கிடாருக்கு "ராக்கி" என்று பெயர். இன்றைய விண்டேஜ் வியாபாரி கண்ணோட பார்த்தா அது ஒரு நாசவேலை. ஆனா பிற்பாடு ஃபெண்டர் கம்பெனியே அந்த நாசவேலையை நகல் எடுத்து விற்றது. எடி வான் ஹேலன் கழிச்சுப் போட்ட உடம்பு ஒண்ணும் தனியா ஒரு கழுத்தும் வாங்கி, சைக்கிளுக்கு அடிக்கிற பெயின்ட்டை வாங்கி, டேப் ஒட்டி ஒட்டிக் கோடு போட்டு ஒரு கிடார் செய்தார். அந்த "ஃபிராங்கன்ஸ்டைன்" 2019-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் காட்சிக்கு இருந்தது. இந்த ரெண்டு கிடாரிலும் மேலே தெரியறது ஃபேக்டரி பெயின்ட் கிடையாது.

இன்னொரு பக்கம் ஒரு பெரிய காமெடி நடக்குது. 1995-ல் ஃபெண்டர் கஸ்டம் ஷாப் "ரெலிக்" என்று ஒரு வரிசை ஆரம்பித்தது. புத்தம் புதுக் கிடாரை வேணும்னே தேய்ச்சு, கீறி, துருப்பிடிக்க வைச்சு, பல வருஷம் மேடையில் அடிவாங்கின மாதிரி ஆக்கி, சாதாரணப் புதுக் கிடாரைவிட அதிக விலைக்கு விற்பது. மற்ற கம்பெனிகளும் பின்னாடியே வந்துட்டாங்க. யாரோ ஒருத்தர் முப்பது வருஷம் வாசிச்ச தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்குறோம். உண்மையிலேயே தேய்ஞ்ச கிடார் ஸ்டோர் ரூம்ல தூசி பிடிச்சுக் கிடக்கு, அதைக் "கண்டம்" லிஸ்ட்ல எழுதுறோம். இதுல எங்கேயோ கணக்கு உதைக்குது.

சரி, "சவுண்டு கெட்டுடுமே" என்று ஒரு பயம். "நைட்ரோ பெயின்ட் அடிச்சாத்தான் மரம் மூச்சு விடும்" என்று யூடியூப் முழுக்கக் கேட்டிருப்பீங்க. நம்ம எல்லாரும் ஃபாரடே விதி படிச்சவங்கதானே. ஸ்டீல் கம்பி காந்தத்துக்கு மேலே அதிருது, சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுது, அது ஆம்ப்ளிஃபயருக்குப் போகுது. அக்கூஸ்டிக் கிடார்ல மெல்லிய மேல்பலகை அதிர்ந்து காற்றைத் தள்ளணும். அங்கே பெயின்ட் தடிமன் நிஜமாவே ஒரு விஷயம். நாலரை சென்டிமீட்டர் தடிமன் கட்டை மரத்தில் ஒரு மயிரிழை பெயின்ட் செய்ற வித்தியாசத்தைவிட, பிக்கப்பைக் கம்பிக்கு ஒரு மில்லிமீட்டர் கிட்டே ஏத்தினா வர்ற வித்தியாசம் அதிகம். இதுல சுவாரசியம், 1960கள்லயே ஃபெண்டர் நைட்ரோ கலருக்கு அடியில் ஃபுல்லர்பிளாஸ்ட் என்ற கெட்டியான சீலரைத்தான் அடித்தது. இன்னைக்கு கோடி ரூபாய்க்குப் போற "மூச்சு விடும்" கிடார்கள்ல நிறைய, பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கிட்டுத்தான் மூச்சு விடுது.

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு உண்மையான சிறப்பு வேறே. அதன் கரைப்பான், கீழே ஏற்கெனவே காய்ஞ்சிருக்கிற படலத்தையும் கொஞ்சம் கரைச்சு, புதுப் படலத்தோட ஒண்ணாக்கிடும். அதனால நாளைக்கு ஒரு இடத்தில் அடிபட்டா அந்த இடத்துக்கு மட்டும் அடிச்சுத் தேய்ச்சுச் சமன் பண்ணலாம். பாலியூரித்தேன் அப்படி இல்லை, காய்ஞ்சா குறுக்குப் பிணைப்பு உண்டாகி இறுகிடும். உறுதி அதிகம், ஆனா ஒட்டுப் போட்டா எல்லை தெரியும். அடுத்தடுத்த கைகளுக்குப் போகப்போற ஒரு கிடாருக்கு, ரிப்பேர் பண்ணக்கூடிய பெயின்ட்தான் நல்லதுன்னு நான் சொல்வேன்.

இப்ப இரண்டாவது கட்சி. "புதுசு வாங்கு" கட்சி. அவங்களோட உண்மையான வாதம் நேரம். பிளேஸ்மென்ட் சீசன்ல யாருக்கு இதுக்கெல்லாம் டைம்? நியாயமான கேள்வி. வேலையைப் பிரிச்சுப் பாருங்க. கிடாரைக் கழற்ற ஒரு சாயங்காலம். கழற்றும்போதே ஒவ்வொரு கட்டத்திலயும் போட்டோ எடுத்து, ஸ்க்ரூக்களைத் தனித்தனிக் கவர்ல போட்டு எழுதி வைச்சிடணும். அப்புறம் பெயின்ட்டைப் பற்றி நினைக்கறதுக்கு முன்னாடி கழுத்தைப் பார்க்கணும். அது முறுக்கிக்கிட்டு இருந்தா எந்தக் கலரும் காப்பாத்தாது. வெறுமனே வில் மாதிரி வளைஞ்சிருந்தா உள்ளே இருக்கிற டிரஸ் ராடைத் திருகிச் சரி பண்ணலாம். கரகரன்னு சத்தம் போடுற வால்யூம் பாட்டைச் சுத்தம் பண்ணணும் அல்லது மாத்தணும். சிங்கிள் காயில் பிக்கப்புக்குப் பொதுவா 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. ஜாக்கில் ஆடுற ஒயரை மறுபடி சாலிடர் பண்ணணும். "இந்தக் கிடார் செத்துப்போச்சு" என்று ஒதுக்கப்படுற நிறைய கேஸ்ல செத்தது அந்த ஒரு சாலிடர் பாயின்ட் மட்டும்தான். முதல் வருஷ லேப் வேலை இது.

அதுக்கு அப்புறம்தான் பெயின்ட். பழைய படலத்தை ஹீட் கன்னால சூடாக்கி ஸ்க்ரேப்பரால உரிக்கலாம், இல்லைன்னா பொறுமையா தேய்க்கலாம். இந்த இடத்தில் வீரம் காட்ட வேண்டாம். பழைய பெயின்ட் தூசியில் ஈயம் இருக்கலாம், சாதாரணத் துணி மாஸ்க் போதாது. டைகுளோரோமீத்தேன் இருக்கிற பெயின்ட் ரிமூவர் வேகமா வேலை செய்யும். ஆனா மூடின ரூமில் அதன் ஆவி ஆளையே கொல்லும். அமெரிக்காவில் 2019-ல் பொதுமக்களுக்கு அதைச் சில்லறையில் விற்பதையே தடை பண்ணிட்டாங்க. கடைசியில் அடிக்கிற கிளியர் கோட்டில் டூ-கே வகை என்றால் ஐசோசயனேட் இருக்கும். அது நுரையீரலுக்குள் போனா ஆஸ்துமா வரைக்கும் கொண்டு விடும். அதைச் சரியான பூத் வைச்சிருக்கிற கார் பெயின்ட் கடையில் அடிச்சு வாங்கிடுங்க. ஹாஸ்டல் மொட்டை மாடியில் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது மரத்தோட வேலை. ஆஷ், மஹோகனி மாதிரி துளை இருக்கிற மரமா இருந்தா கிரெய்ன் ஃபில்லர், அதாவது நம்ம ஆசாரிகள் போடுற பட்டி மாதிரி, போட்டுத் தேய்க்கணும். ஆல்டர் மாதிரி நெருக்கமான மரத்துக்கு அது வேண்டாம். சீலர், பிரைமர், மெல்லிசா பல தடவை கலர், அதுக்கு மேலே கிளியர். நைட்ரோ என்றால் மூணு நாலு வாரம் சும்மா தொங்கவிடணும். அப்புறம் தண்ணீர் விட்டு 800, 1000, 1500, 2000 என்று எமரி பேப்பரை ஏத்திக்கிட்டே போய், பாலிஷிங் காம்பவுண்டில் முடிக்கணும். மொத்தக் காலம் ஒரு ரெண்டு மாசம் வரும். ஆனா அதில் முக்கால்வாசி காய்றதுக்குக் காத்திருக்கிற நேரம். செமஸ்டரோட சேர்த்தே ஓடிடும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு எச்சரிக்கை உண்டு. ஈரப்பதம் அதிகமா இருக்கிற நாளில் லாக்கர் அடிச்சா, தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காற்றில் இருக்கிற ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கும். பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும். வெளிநாட்டு வீடியோக்களில் இதைப் பெரிசா சொல்ல மாட்டாங்க. ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே கன்னைத் தொடாதீங்க. பங்குனி வெயிலில் அடிங்க, அதுவும் காலை ஈரம் போன பிறகு. நம்ம ஊர் மர வேலைக் கடைகளில் என்.சி. லாக்கர் அடிக்கிறவங்ககிட்ட கேட்டா இதை அவங்களே சொல்வாங்க. கிடாரை வாழ்க்கையில் தொட்டிருக்க மாட்டாங்க, ஆனா லாக்கரைப் பற்றி எந்த யூடியூபரைவிடவும் அவங்களுக்கு அதிகம் தெரியும்.

இனி நான் உண்மையில் சண்டை போட வந்த விஷயத்துக்கு வர்றேன். கலர்.

யாராவது கஸ்டம் கலர் அடிக்கணும்னு முடிவு பண்ணினா, உடனே ஃபெண்டரோட பழைய கலர் சார்ட்டைத் திறப்பாங்க. ஃபியஸ்டா ரெட், லேக் பிளாசிட் ப்ளூ, சர்ஃப் கிரீன். நல்ல கலர்கள்தான். ஆனா இந்தப் பெயர்கள் எங்கேயிருந்து வந்ததுன்னு பாருங்க. 1920களில் டூபான்ட் கம்பெனி டியூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கார்களுக்காகக் கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி கார் பெயின்ட் காய வாரக்கணக்கு ஆகும், டியூக்கோ வந்ததும் அது மணிக்கணக்காச் சுருங்கியது. பிறகு லூசைட் என்ற அக்ரிலிக் லாக்கர் வந்தது. ஃபெண்டர் இந்த ரெண்டு கார் பெயின்ட்டையும்தான் கிடாருக்கு அடித்தது. ஃபியஸ்டா ரெட் 1956 ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் கலர். லேக் பிளாசிட் ப்ளூ 1958 காடிலாக். சர்ஃப் கிரீன் 1957 செவர்லே. ஹாரிசனின் சோனிக் ப்ளூவும் ஒரு காடிலாக் கலர்தான். ஃபெண்டரின் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டன், உள்ளூர் பெயின்ட் கடையில் நின்று ஒரு சிவப்பைக் கலக்கச் சொல்லி வாங்கி வந்த கதையைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலக் கேட்டலாக்கில் கஸ்டம் கலருக்கு ஐந்து சதவீதம் கூடுதல் விலை, அவ்வளவுதான்.

அதாவது அந்தக் காலத்து கலிஃபோர்னியாக்காரங்க, தங்களோட ரோட்டில் ஓடின வண்டியின் கலரை எடுத்துக் கிடாருக்கு அடிச்சாங்க. அந்தச் செயலைத்தான் நாம காப்பி அடிக்கணும். நாம அதை விட்டுட்டு, எழுபது வருஷத்துக்கு முன்னாடி வேறே ஊர் ரோட்டில் ஓடின, நாம கண்ணால பார்க்காத காரின் கலரைக் கோடு நம்பரோட காப்பி அடிக்கிறோம். இதுக்கு எதுக்கு "கஸ்டம்" என்று பெயர்? டியூக்கோ என்ற சொல்லே நம்ம ஊருக்கு வந்து, இன்னைக்கும் கார் பெயின்டர்களும் ஃபர்னிச்சர் கடைக்காரங்களும் "டூக்கோ பெயின்ட்" என்றுதான் சொல்றாங்க. பெயின்ட்டே நம்ம தெருவுக்கு வந்துடுச்சு. கலரை மட்டும் ஏன் காடிலாக்கிடம் கடன் வாங்கணும்?

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னா, நம்ம மியூசிக் கிளப் ரூமில் பீரோவுக்கு மேலே ஒரு எலக்ட்ரிக் கிடார் இருக்கு. தலையில் பிராண்ட் பெயர் அழிஞ்சுபோச்சு. சன்பர்ஸ்ட் பெயின்ட் பாதி உரிஞ்சு, பிக்கார்டு ரெண்டா விரிசல் விட்டு இருக்கு. இந்த வருஷக் கடைசியில் கண்டம் லிஸ்ட்டில் போகப் போகுது. நான் கழுத்தைக் கண்ணோட்டம் விட்டுப் பார்த்தேன், முறுக்கு இல்லை. மல்டிமீட்டர் வைச்சுப் பார்த்தேன், மூணு பிக்கப்பிலும் ரீடிங் வருது. இது சாகலை. நம்ம சீனியர் பேட்ச்கள் எத்தனையோ கல்ச்சுரல்ஸில் வாசிச்ச கிடார் இது. உடம்பின் மேல் விளிம்பில் முழங்கை பட்டுப் பட்டு மரம் தெரியுது. ரெலிக் கடையில் காசு கொடுத்தாலும் இந்தத் தேய்மானம் கிடைக்காது.

"அப்படின்னா அந்தத் தேய்மானத்தை ஏன் அழிக்கணும்?" என்று கிளப்பில் ஒரு ஜூனியர் தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சேன். தேய்மானம் வாசிச்சதால வந்தது. வாசிக்கிறது நின்னுபோன கிடாரில் அது வெறும் கறை. இந்தக் கிடாரை யாரும் எடுக்காததுக்கு ஒரு காரணம் அது பார்க்கப் பாவமா இருக்குங்கறதுதான். முதல் வருஷப் பசங்க ரூமுக்குள்ள வந்தா பளபளன்னு இருக்கிறதைத்தான் கையில் எடுப்பாங்க. கலர் அடிச்சா எடுப்பாங்க, எடுத்தா மறுபடி தேயும். பழைய முழங்கைத் தேய்மானத்தை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து கிளப் ஆல்பத்தில் வைச்சுடலாம். பெயின்ட் ஒரு படலம், அடுத்த பேட்ச் வேண்டாம்னு நினைச்சா அவங்களும் மாத்திக்கட்டும்.

கலருக்கு இப்ப மூணு கோரிக்கை இருக்கு. ஒருத்தர் ஃபியஸ்டா ரெட். ஒருத்தர் காலேஜ் கலர் அடிச்சு நடுவில் லோகோ. லோகோ வேண்டாம், ப்ளீஸ். அது வாத்தியம், சிம்போசியம் பேனர் இல்லை. என் ஓட்டு ரயில் பெட்டி நீலத்துக்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் செய்த அந்தப் பழைய பெட்டிகளின் கரு நீலம், ஜன்னல் வரிசைக்கு மட்டும் வெளிர் நீலப் பட்டை. உடம்புக்குக் கரு நீலம், பிக்கார்டுக்கு வெளிர் நீலம், அப்படியே பொருந்தும். 2018-ல் அந்த டிசைன் பெட்டி செய்வதை ஐ.சி.எஃப் நிறுத்திட்டாங்க. தண்டவாளத்தில் அது குறைஞ்சுக்கிட்டே வருது, இன்னும் சில வருஷத்தில் நமக்கு ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கும். நம்மில் பாதிப் பேர் முதல் செமஸ்டருக்குப் பெட்டி படுக்கையோட வந்து இறங்கினது அந்த நீலத்தில்தான். தண்டர்பேர்டு பார்த்தவங்க நம்ம பேட்ச்சில் யாரும் இல்லை.

உங்களுக்கு ரயில் நீலம் பிடிக்கலைன்னா வேறே சொல்லுங்க. ஆட்டோவோட மஞ்சள், டீக்கடை பெஞ்ச் பச்சை, மார்கழிக் கோலத்துக் காவி, எதுவா இருந்தாலும் சரி. ஒரே நிபந்தனை, நீங்க கண்ணால பார்த்து வளர்ந்த கலரா இருக்கணும். செல்போன் போட்டோவைக் காட்டி கலர் கலக்கச் சொல்லாதீங்க, திரையில் தெரியறது வேறே, பெயின்ட்டில் வர்றது வேறே. அந்தக் கலர் இருக்கிற ஒரு சின்னத் துண்டைக் கையோட எடுத்துட்டுப் போய்க் கார் பெயின்ட் மிக்ஸிங் கடையில் காட்டினா கிட்டத்தட்ட அதையே கலந்து கொடுப்பாங்க. முதலில் ஒரு பலகைத் துண்டில் அடிச்சு, வெயிலில் வைச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.

ஃபெண்டர் ஃபேக்டரியில் வேலை செஞ்சவங்க கழுத்தின் அடிப்பகுதியில், வெளியே தெரியாத இடத்தில், பென்சிலால் தேதி எழுதி வைப்பாங்க. இன்னைக்கு அந்தப் பென்சில் எழுத்தை வைச்சுத்தான் கிடாரின் வயசைக் கண்டுபிடிக்கிறாங்க. நாமளும் அதைச் செய்யலாம். பிக்கார்டுக்கு அடியில், என்ன லாக்கர் அடிச்சோம், எத்தனை கோட், எந்தப் பாட் மாத்தினோம், எந்த மாசம் என்று எழுதி, வேலை செஞ்சவங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும். அடுத்து திறக்கிறவங்களுக்கு அது சர்வீஸ் மேனுவல்.

கண்டம் லிஸ்ட் போறதுக்கு முன்னாடி இந்தக் கிடாரை கிளப் பொறுப்பில் விடச் சொல்லி ஸ்டாஃப் இன்சார்ஜ் சாரிடம் ஒரு லெட்டர் கொடுக்கப் போறோம். சாலிடரிங் தெரிஞ்ச இ.சி.இ. ஆள் ஒருத்தர், உப்புத்தாள் பிடிக்கப் பொறுமை இருக்கிற ரெண்டு பேர், பெயின்ட் கடைக்கு வண்டியில் கூட்டிட்டுப் போக ஒருத்தர் வேணும். செகண்ட் இயர், தேர்ட் இயர்ல இருந்து வந்தா ரொம்ப நல்லது, ஏன்னா காய்ஞ்சு முடியறதுக்குள்ள நாங்க காலேஜை விட்டுப் போயிருப்போம். கம்பி மாட்டி முதல் கார்டு போடப்போறது நீங்கதான். வியாழக்கிழமை கிளாஸ் முடிஞ்சதும் கிளப் ரூமுக்கு வாங்க, வரும்போது உங்க கலரையும் யோசிச்சுட்டு வாங்க.